அம்பயருக்கு விழுந்த வசவு

என் வீட்டுக்காரர் க்ளெட்டஸ் ஓபர்ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், எதிரில் நிற்பது நானா கதவா என்று தடவிப் பார்த்துத்தான் சொல்வார். போட்டுக்கொண்டால் மற்றவர்களைப் போல நன்றாகவே தெரியும். ஆனால் அதை எங்கள் ஊரில் ஒருவரும் நம்பியதில்லை. இப்படிப்பட்ட மனிதர் 1944-ஆம் வருடம், போர் உச்சத்தில் இருந்தபோது, ஒரு முழு பேஸ்பால் சீசனுக்கு அம்பயராக நின்றார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நான் கதை விடுவதாக நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அவர்கள் அந்த சீசன் முழுக்க நேரில் வந்து அவரைத் திட்டியவர்கள்.

எங்கள் ஊர் ஓஹையோவில் இருக்கும் வென்ட்லி ஃபால்ஸ். ஊரில் பாதிப் பேர் கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில் செய்வார்கள். க்ளெட்டஸ் அந்த பாட்டில்களில் நிரப்பிய பாலை வீடு வீடாகக் கொண்டுபோய் வைப்பார். ஊர் அணிக்குப் பெயரே கிளாஸ்மென்தான். சின்ன லீக் என்றாலும் சம்பளம் வாங்கி ஆடுகிற அணி; அதில் எங்களுக்கெல்லாம் பெருமை அதிகம்.

க்ளெட்டஸுக்கு இந்த விளையாட்டின் மேல் உயிர். விளையாட்டுக்கு அவர் மேல் அப்படி ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவரைப் பந்து அதிகம் வராத மூலையாகப் பார்த்து நிறுத்துவார்களாம். அப்படியும் அது தேடி வந்து அவர் தலையில் விழுமாம். கல்யாணத்துக்கு முன்னால் என்னை அவர் அழைத்துப்போனது கிளாஸ்மென் ஆட்டத்துக்குத்தான். பூங்கா, சினிமா எதுவும் கிடையாது. அங்கேயும் கண்ணாடியில் மழைத்துளி விழுந்துவிட்டது என்று, என்ன நடக்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பந்து பந்தாக நான் சொல்லி வந்ததில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார், நான் அந்த அணியைப் பிடித்துக்கொண்டேன்.

1942 இலையுதிர்காலத்தில் ராணுவத்துக்கான உடல் பரிசோதனைக்கு ஊரிலிருந்து ஒரு பஸ் போனது. அதில் க்ளெட்டஸும் இருந்தார், ரோலண்ட் ப்ளம்மரும் இருந்தான். ரோலண்டுக்கு இருபத்திரண்டு வயது. கிளாஸ்மென் அணியில் தரையோடு வரும் பந்தைக் குனிந்து எடுத்து எறிகிற ஷார்ட்ஸ்டாப், ஊருக்கே செல்லப்பிள்ளை. பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பரிசோதனையில் க்ளெட்டஸின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்களாம். இவர் பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். அதோடு அவர் கதை முடிந்தது. மாலையில் இருவரும் ஒன்றாகத்தான் திரும்பினார்கள். ரோலண்டின் அம்மா ஆர்டித் ப்ளம்மர் இருவரையும் உட்கார வைத்து ஆப்பிள் பை கொடுத்தார். ஒருவன் போகப் போகிறான், இன்னொருவர் இருக்கப் போகிறார் என்பது அந்த மேஜையில் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

ரோலண்ட் மரைன் படையோடு பசிபிக் பக்கம் போனான். வீட்டுப் பிள்ளை போரில் இருக்கிறான் என்று காட்டும் நீல நட்சத்திரக் கொடி அவர்கள் வீட்டு ஜன்னலில் ஏறியது. தெருவில் பத்து வீட்டுக்கு ஆறு வீட்டில் அந்தக் கொடி இருந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் மாறியது.

ஒருவரும் க்ளெட்டஸை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவர் முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் வெளியே வந்து கதவு சாத்தியதும் திரும்ப ஆரம்பிக்கும். சர்ச்சில் எங்கள் வரிசையில் இடம் காலியாகவே இருக்கும். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், பார்வை மட்டும் அவர் தோளைத் தாண்டிப் போகும். திட்டினால் பதில் சொல்லலாம். இதற்கு என்ன பதில் சொல்வது?

மற்றவர்களைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ப்ளம்மர் அம்மாளைத்தான் தாங்க முடியவில்லை. அந்த அம்மாள் தினமும் காலையில் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று, முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றி க்ளெட்டஸோடு கால்மணி நேரம் வாயடிப்பார். அந்த நேரம்தான் தன் நாளிலேயே நல்ல நேரம் என்று க்ளெட்டஸ் என்னிடமே சொல்லியிருக்கிறார், கட்டின பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல். ரோலண்ட் கப்பல் ஏறினதிலிருந்து அந்தக் கதவு பால் நேரத்தில் திறப்பதில்லை. இவர் பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு திரைச்சீலை அசையும், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கத்தினேன்.

"நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். கண்ணு தெரியாதது உன் தப்பா? அவங்க பையனை நீயா அனுப்பின?"

"போகாத வெர்னா."

"ஏன் போகக் கூடாது?"

"என்னைப் பாக்கறப்பல்லாம் அவங்களுக்கு அவன் இல்லாதது ஞாபகம் வருது. கதவைச் சாத்திக்கறாங்க. நானா இருந்தாலும் சாத்திப்பேன்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு நாள் கதவைத் திறந்து, பழையபடி எங்கிட்ட ஒரு சண்டை போட்டா போதும்."

அந்த ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதற்காகக் காத்திருந்தார்.

இதற்குள் அணி என்ற பெயரில் மிச்சமிருந்ததைச் சொல்ல வேண்டும். நாட்டில் பாதிக்கு மேல் சின்ன லீக்குகள் ஆளில்லாமல் மூடிவிட்டன. எங்களுடையது ஆறு அணிகளோடு தட்டுத்தடுமாறி நின்றது. கிளாஸ்மென்னுக்கு மேனேஜரும், மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சரும் ஒரே ஆள், ஹோபார்ட் க்வில். வயது நாற்பத்தாறு, ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். குனிந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது அவர் முட்டி விடும் சத்தம் கேலரி வரை கேட்கும். இடது மூலையில் நின்ற லூதருக்குத் தொழிற்சாலையில் இரண்டு விரல் போயிருந்தது. மற்றவர்கள் தாடி முளைக்காதவர்கள், இல்லையென்றால் தாடி நரைத்தவர்கள். சட்டைகள் புதிதாகத் தைக்கவில்லை. ராணுவத்துக்குப் போனவர்களின் சட்டையையே போட்டுக்கொண்டு ஆடினார்கள், யாருக்கும் அளவு சரியில்லை. நல்ல ரப்பரெல்லாம் போருக்குப் போய்விட்டதால் பந்துக்கு உயிரே இல்லை. ஓங்கி அடித்தாலும் பாதி தூரத்தில் யோசித்துவிட்டுக் கீழே விழும். கேலரியில் விழுகிற பந்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. ராணுவ முகாம்களுக்கு அனுப்ப ஒரு பெட்டி இருந்தது, அதில் போட்டுவிட வேண்டும். ஒரு ஆள் பந்தைக் கோட்டுக்குள் ஒளித்து வைக்க, சுற்றியிருந்த பெண்கள் அவர் கோட்டையே கழற்றி உதறியதை நான் பார்த்தேன். சரி, நானும் உதறினேன்.

மே மாதம் முதல் ஆட்டத்தன்று இரண்டு அணிகளும் வந்துவிட்டன, ஜனமும் வந்துவிட்டது, அம்பயர் வரவில்லை. அவர் வந்த ரயிலை எங்கேயோ ஓரமாக நிறுத்திவிட்டு ராணுவ ரயில்களைப் போகவிட்டுக்கொண்டிருந்தார்களாம். அப்படி ஆனால் இரண்டு மேனேஜர்களும் ஒத்துக்கொள்கிற உள்ளூர் ஆள் ஒருவரை நிறுத்தலாம். ஹோபார்ட் கேலரியை ஒரு சுற்று பார்த்துவிட்டு என் பக்கத்தில் கையைக் காட்டினார்.

"க்ளெட்டஸ், இறங்கி வா."

எதிரணி மேனேஜர் இவர் கண்ணாடியின் கனத்தைக் குனிந்து பார்த்தார்.

"யோவ், இந்த ஆளுக்குப் பந்து தெரியுமாய்யா?"

"தெரியாதுன்னுதான் வச்சுக்கயேன்," என்றார் ஹோபார்ட். "உன் பந்தும் தெரியாது, என் பந்தும் தெரியாது. இதைவிட நியாயம் எங்க கெடைக்கும்?"

எதிரணி மேனேஜர் யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

நான் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் இன்னிங்ஸ் தலையாட்டும் மரியாதையோடு போனது. இரண்டாவதில் முழங்கால் உயரத்தில் வந்த பந்தை, அடித்திருக்க வேண்டிய பந்துதான், மூன்றாவது ஸ்ட்ரைக் என்று கை தூக்கினார். நம் ஆள் அவுட். பின்வரிசையிலிருந்து மளிகைக்கடைக்காரர் எழுந்தார். ஒன்றரை வருடமாக க்ளெட்டஸிடம் சில்லறையை மட்டும் பேசாமல் எண்ணிக் கொடுத்தவர்.

"யோவ் அம்பயர் க்ளெட்டஸ், அது ஸ்ட்ரைக்கா? கண்ணு இருக்கா, இல்ல பால் பாட்டில் அடியை வெட்டி மாட்டிட்டு வந்தியா?"

கேலரி சிரித்தது. உடனே இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். ஏழாவது இன்னிங்ஸ் வரும்போது ஊரே எழுந்து நின்று என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தது. அம்பயரைத் திட்டுவது எங்களுக்குப் புதிதல்ல, டிக்கெட் வாங்குவதே பாதி அதற்குத்தான். ஆனால் அது என் புருஷன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காலில் வெந்நீர் ஊற்றக் குனிந்தேன். பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"வெர்னா, பாத்தியா? எல்லாரும் திட்டினாங்க."

"பாத்தேனே. காது குளிரக் கேட்டேனே."

"மளிகைக்கடை ஹாரிஸ் என்னைப் பேர் சொல்லித் திட்டினான். என் கண்ணைப் பாத்துத் திட்டினான்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒன்றரை வருஷமாச்சு, இந்த ஊர்ல என் முகத்தைப் பாத்து ஒருத்தர் பேசி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. போருக்குப் போகாதவனிடம் என்ன பேசுவது என்று ஊருக்குத் தெரியவில்லை. அம்பயரிடம் என்ன பேசுவது என்பது எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அந்த லீக்கில் வேறு ஆள் கிடைக்காததால் அவரையே தொடரச் சொன்னார்கள். அதிகாலையில் பால், மதியம் தூக்கம், சாயங்காலம் ஆட்டம். பெட்ரோல் பங்கீட்டில் போய்விட்டதால் டெய்ரி திரும்பவும் குதிரை வண்டிக்கு வந்திருந்தது. அந்தக் குதிரையே வீடு வீடாக நின்று போகும். வண்டியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே முந்தின நாள் தந்த முடிவுகளை வாயால் முணுமுணுப்பாராம். திடீரென்று "அவுட்" என்று கத்தி எங்கள் பாதிரியாரின் நாயை விரட்டிய கதையும் உண்டு. ஹாரிஸ் கடையில் இப்போது சில்லறையோடு வசவும் சேர்ந்து கிடைத்தது. முடிவெட்டும் கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நிற்பதற்குப் பதிலாக ஆரம்பமானது.

நானும் யோக்கியமில்லை. மூன்றாவது ஆட்டத்தில், நம் பையன் ஓடிப்போய், பந்து வருவதற்கு ஒரு நொடி முன்னால் முதல் தளத்தைத் தொட்டதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இவர் அவுட் என்றார். என்னை மறந்து எழுந்துவிட்டேன்.

"க்ளெட்டஸ் ஓபர்ஹோல்ட், இன்னிக்கு ராத்திரி உனக்குச் சாப்பாடு கெடையாது."

எதிரணிப் பையன்கள்கூடத் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். முகத்தில் பந்து படாமல் அம்பயர் மாட்டுகிற கம்பி முகமூடியைத் தூக்கி க்ளெட்டஸ் என்னைப் பார்த்தார்.

"அவுட்டுதான் வெர்னா. நான் வெளியில சாப்பிட்டுக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் நமக்கு எதிராக முடிவு சொன்னபோதெல்லாம் கேலரியே ஒரே குரலில் சாப்பாடு கிடையாது என்று ராகம் போட்டது. நல்ல வேளை, நிஜத்தில் அவர் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. கிடந்திருந்தால் அந்த சீசனில் துரும்பாகியிருப்பார்.

அணியும் எப்படியோ தேறியது. ஜூன் முழுக்கத் தோற்றவர்கள் ஜூலையில் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உயிரில்லாத அந்தப் பந்தை யாராலும் தூரமாக அடிக்க முடியாது என்பதால், மெதுவாகத் தட்டிவிட்டு ஓடச் சொல்லிக்கொடுத்தார் ஹோபார்ட். ஓடத் தெரிந்த பள்ளிக்கூடப் பையன்கள் நம்மிடம்தான் அதிகம். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தவர்கள் உடம்பெல்லாம் கரியோடு நேரே மைதானத்துக்கு வந்தார்கள். செய்தித்தாளைப் பிரிக்கவே பயமாக இருந்த காலம் அது. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் நாம் பயப்படுவதற்கு வேறு ஒன்று இருந்தது.

ஜூலைக் கடைசியில் ஒரு ஆட்டத்தில் எதிரணியோடு ரயிலில் வந்த ஆள் ஒருவர், குடித்திருந்தார் என்று நினைக்கிறேன், வேலி ஓரத்தில் நின்று கத்தினார்.

"ஊர்ப் பசங்கல்லாம் அங்க செத்துக்கிட்டிருக்கானுங்க. நீ இங்க முகமூடி மாட்டிக்கிட்டு ஒளிஞ்சு நிக்கிற. வெட்கமா இல்ல?"

இரண்டு வருடமாக ஊரே நினைத்து, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததை அந்த ஆள் சொல்லிவிட்டார். க்ளெட்டஸின் தோள் தொங்கியது எனக்குத் தெரிந்தது.

ஹோபார்ட் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தார். முட்டி இரண்டு முறை சத்தம் போட்டது. மெதுவாக வேலிக்குப் போனார்.

"இங்க பாருய்யா. இவருக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். விதி தெரியாதுன்னு சொல்லு, நானும் சேர்ந்து சொல்றேன். இவர் சம்சாரம் சமையல் மோசம்னு சொல்லு, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா இப்ப சொன்னியே, அதை இன்னொரு தரம் சொன்னா நான் இந்த வேலி ஏறி வருவேன். இந்த முட்டியோட ஏறி வர கால்மணி நேரம் ஆகும். ஆனா வருவேன்."

"நீங்க அவனை என்னென்னவோ திட்டறீங்க," என்று முனகினார் அந்த ஆள்.

"எங்க அம்பயர். நாங்க திட்டுவோம்."

ஹாரிஸ் அந்த ஆளின் தோளில் கை வைத்து வெளியே கூட்டிப்போனார். க்ளெட்டஸ் தொண்டையைச் செருமினார்.

"ஹோபார்ட், வந்து உக்காரு. ஆட்டத்தைத் தாமதம் பண்ணாத."

அடுத்த பந்திலேயே நமக்கு எதிராக ஒரு முடிவு. கேலரி மொத்தமும் எழுந்து சாப்பாடு கிடையாது என்று பாடியது. என் சமையலைப் பற்றி ஹோபார்டிடம் அப்புறம் தனியாகப் பேசிக்கொண்டேன்.

அன்றைக்கு ஊர் அவரை முழுசாகத் திரும்ப எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்வேன். அவரிடமும் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, "ஒரு வீடு தவிர," என்றார். ப்ளம்மர் அம்மாள் மகன் போனதிலிருந்து மைதானத்துப் பக்கமே வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலையில் அந்த வீட்டுக்குத் தந்தி வந்தது. தந்திக்காரனின் சைக்கிள் அந்தத் தெருவில் திரும்பியதும் ஜன்னல்களெல்லாம் சாத்திக்கொண்டன. நானும் சாத்திக்கொண்டேன். ரோலண்ட் உயிரோடு இருந்தான். தொடையில் காயம், ஹவாயில் ஆஸ்பத்திரி. மறுநாள் க்ளெட்டஸ் வழக்கமான பாட்டிலோடு இன்னொரு பாட்டிலையும் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். கூடவே ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அதற்கு மறுநாள் அந்த இரண்டாவது பாட்டில் மூடிகூடத் திறக்காமல் காலி பாட்டில்களோடு வெளியே இருந்தது.

அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ரொம்ப நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"சரி, விடு," என்றேன்.

"விட்டுட்டேன்," என்றார். விடவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் முகமூடியை மாட்டிக்கொண்டு போகவே அவருக்குப் பிடிக்கவில்லை, நான்தான் துரத்தினேன்.

செப்டம்பரில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் நான்காவது இடம், கோப்பைக்கான கடைசிச் சுற்றில் நுழையலாம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உட்கார இடமில்லாமல் ஜனம். என் பக்கத்து இருக்கையை ஹாரிஸின் மனைவிக்காகக் கோட்டுப் போட்டு வைத்திருந்தேன். யாரோ அந்தக் கோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். திரும்பினால் ப்ளம்மர் அம்மாள். கையில் பென்சில், ஸ்கோர் எழுதும் அட்டை. நல்ல தொப்பி வேறு வைத்திருந்தார்.

"எடம் இல்ல," என்றார் என்னைப் பார்க்காமல்.

"உக்காருங்க."

மூன்று இன்னிங்ஸ் எதுவும் பேசவில்லை. நானாகவும் பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த அம்மாளே ஆரம்பித்தார்.

"ரோலண்ட் எழுதியிருக்கான். ஹோபார்ட் கடையிலேர்ந்து அவனுக்கு ஊர்க்கதை எல்லாம் போகுதாம். என் எடத்துல யார் ஆடறான், அவனுக்குக் குனிஞ்சு பந்தை எடுக்கத் தெரியுதான்னு கேக்கறான். போய்ப் பாத்து பந்து பந்தா எழுதணுமாம். சும்மா ஜெயிச்சாங்க தோத்தாங்கன்னு எழுதினா படிக்க மாட்டானாம்."

"கால் எப்படி இருக்காம்?"

"நடக்கறானாம், கட்டையை ஊணிக்கிட்டு." பென்சிலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "க்ளெட்டஸ் அம்பயர்னு கேட்டுச் சிரிச்சானாம். தையல் பிரிஞ்சுடப்போகுதுன்னு நர்ஸ் திட்டினாளாம்."

இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. பிறகு திரும்ப அட்டையில் குனிந்துகொண்டார். மைதானத்தில் க்ளெட்டஸ் எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவர் குரல் வழக்கத்தைவிடக் கம்மியாக இருந்தது.

கடைசி இன்னிங்ஸ். நாம் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட்டாகிவிட்டார்கள், இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது தளத்தில் லூதர். ஹோபார்ட் மட்டையோடு வந்தார். அந்த வயதில் அந்தப் பந்தை எப்படி அப்படி அடித்தார் என்று இன்றுவரை தெரியாது. இடது பக்கம் தரையோடு தரையாகப் பாய்ந்தது. லூதர் மூன்றாவது தளத்தைத் தாண்டி, ரன் கிடைக்கத் தொட வேண்டிய பிளேட்டை நோக்கி உயிரை விட்டு ஓடினார். அவர் வந்து சேர்ந்தால் சமம். பந்தும் வந்தது. எதிரணி கேட்சர் குனிந்தார், லூதர் சறுக்கினார். புழுதி எழுந்து மூன்று பேரையும் மறைத்தது.

க்ளெட்டஸ் அந்தப் புழுதிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். வலது கையைத் தூக்கினார்.

"அவுட்."

சீசன் முடிந்தது. ஒருவரும் திட்டவில்லை. திட்டக்கூட மனசு வரவில்லை யாருக்கும். லூதர் தரையிலேயே படுத்திருந்தார். ஹோபார்ட் முதல் தளத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அந்த அமைதியில் என் பக்கத்தில் இருக்கை கிறீச்சென்றது. ப்ளம்மர் அம்மாள் எழுந்து நின்றிருந்தார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"டேய் க்ளெட்டஸ்."

க்ளெட்டஸ் அசையவில்லை.

"அவுட்டாடா அது? ஹவாயில ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கறவனைக் கேளு, அவன் சொல்வான் அது சேஃப்னு. கால் உள்ள வந்து, பிளேட்டைத் தொட்டு, குடும்பம் நடத்தி முடிச்சப்புறம் பந்து வருது, நீ கையைத் தூக்கற. ராணுவத்துக்காரன் உன்னைத் திருப்பி அனுப்பினது சரியாப் போச்சுடா. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நீ அங்க போயிருந்தா, என் பையனை நீதான் சுட்டிருப்ப. நல்ல வேளை, நீ போகல. நீ இங்கேயே கெட."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அந்த அம்மாளுக்கே உறைத்திருக்க வேண்டும். கையை வாயில் வைத்துக்கொண்டார். என் தோளைப் பிடித்தார்.

"வெர்னா, நான் என்ன சொல்லிட்டேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க," என்றேன். கண்ணீர் கொட்டுகிறது, நான் துடைக்கவும் இல்லை.

கீழே க்ளெட்டஸ் முகமூடியைக் கழற்றினார். கண்ணாடி முழுக்கப் புழுதி. அந்த அம்மாள் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் குரல் வந்த பக்கமாகத் தேடினார். பிறகு தொப்பியையும் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைக் கல்யாணத்தன்று ஒருமுறை பார்த்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஹாரிஸ் ஆரம்பித்தார், சாப்பாடு கிடையாது என்று. மொத்த கேலரியும் எழுந்து கால்களைத் தரையில் உதைத்துப் பாடியது. தோற்றுப்போன ஊர் அது என்று யாராவது வெளியிலிருந்து கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கால் பிளேட்டைத் தொட்டதா இல்லையா என்று இன்னும் ஊரில் சண்டை நடக்கிறது. லூதர் ஒரு நாள் தொட்டேன் என்பார், இன்னொரு நாள் தெரியவில்லை என்பார். க்ளெட்டஸிடம் நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை வழக்கமாக வரும் நேரத்துக்கு அவர் வரவில்லை. குதிரைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குப் பயம். தெருமுனை வீட்டிலிருந்து பால் வரவில்லை என்று ஆள் அனுப்பினார்கள், பாதிரியார் வீட்டிலிருந்தும் கேட்டார்கள். வெயில் ஏறின பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது. மனிதர் மெதுவாக இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாதிப் பால் வண்டியிலேயே இருந்தது.

"எங்க போய்ட்ட? ஊரே பாலுக்கு அலையுது."

"ப்ளம்மர் அம்மா வாசல்ல நின்னுட்டிருந்தாங்க," என்றார். "காபியோட. ஸ்கோர் அட்டையை வச்சுக்கிட்டு, முதல் பந்துலேர்ந்து ஒவ்வொண்ணா நான் சொன்ன தப்பையெல்லாம் சொல்லிட்டிருக்காங்க. ரோலண்டுக்கு எழுதணுமாம், நான் பதில் சொல்லித்தான் ஆகணுமாம்."

"முடிஞ்சுதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

"நாலாவது இன்னிங்ஸ் வரைக்கும்தான் திட்டியிருக்காங்க," என்றார். "மீதிக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."